அப்பா பெயரில் ஒரு நூலக அட்டை

ஜூன் 9

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டதாக மாமா போனில் சொன்னார். "நல்லபடியா வந்துட்டோம், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பின்னால் உன் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். டிவி சத்தம்தான் கேட்டது.

முழுப் பரீட்சை முடிகிற வரைக்கும் உன் போன் மாமாவிடம்தான் இருக்கும் என்றார். அதனால்தான் தபால். எனக்கும் இதுதான் வசதி. போனில் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதற்கு மேல் எனக்கு நாக்கு எழும்பாது என்று உனக்குத் தெரியுமே.

எழுத உட்கார்ந்த விஷயத்தைச் சொல்கிறேன். இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அப்பாவின் போன் மணியடித்தது. அவர் போன பிறகும் அதை நான் அணைக்கவில்லை, சார்ஜ் போட்டு அலமாரியிலேயே வைத்திருக்கிறேன். பார்த்தால் நூலகத்திலிருந்து ஒரு செய்தி. அவர் பெயரைப் போட்டு, "நீங்கள் முன்பதிவு செய்த மின்நூல் தயாராக உள்ளது, பெற்றுக்கொள்ளவும்" என்று. கீழே இளையோர் பிரிவு என்று இருந்தது. பெரியவர்களே இல்லாத கப்பலில் பிள்ளைகள் மட்டும் போவார்களே, அந்தக் கதையின் மூன்றாம் பாகம். அப்பா இருக்கும்போதே நீ வரிசையில் போட்டு வைத்தது. வரிசை நகர்ந்து நகர்ந்து இப்போதுதான் நம் முறை வந்திருக்கிறது.

வாசலில் யாரோ வந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அப்புறம் 'பெற்றுக்கொள்' என்ற இடத்தை அழுத்திவிட்டேன். உன் சிலேட்டைத் திறந்து பார், வந்திருக்கும். (வாசிப்புக் கருவி என்று பெட்டியில் எழுதியிருந்ததை உன் அப்பா ஒரு நாள்கூட அப்படிச் சொன்னதில்லை. எனக்கும் அது சிலேட்டுதான்.)

உன்னை அழைத்துப்போக வந்த அன்று மாமா கூடத்தில் உட்கார்ந்து பேசியதை நீ உள்ளே இருந்து கேட்டிருப்பாய். "அக்கா உசிரோட இல்ல. இப்ப மச்சானும் இல்ல. அவ பொண்ணை நாங்க பாத்துக்கறதுதான் முறை. உங்களைக் குறை சொல்லல. அஞ்சு வயசுல இருந்து பெத்தவ மாதிரி வளத்தீங்க. ஆனா உங்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கு." நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று நீ நினைத்திருக்கலாம். 'மாதிரி' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை, வாண்டு.

அறையை நீ விட்டுப்போன மாதிரியே வைத்திருக்கிறேன். தலையணைக்கு அடியில் இருந்த பாதி பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் எடுத்துப் போட்டேன், எறும்பு வந்துவிட்டது.

உன்,
அம்மா


ஜூன் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

வந்துவிட்டது. மூன்றாம் பாகம் முழுசாக வந்துவிட்டது. அட்டைப் படம்கூட சிலேட்டில் அழகாகத் தெரிகிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறையில் போய்க் கொஞ்சம் அழுதேன். இங்கே அழுவதற்கு அது ஒன்றுதான் இடம். அதிலும் வெளியே நின்று யாராவது "இன்னும் எவ்வளவு நேரம்" என்பார்கள்.

யாரும் கொடுமைப்படுத்தவில்லை, பயப்படாதே. மாமா டயர் கடையிலிருந்து வரும்போது எனக்கென்று ஏதாவது வாங்கி வருகிறார். கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார், மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அத்தை வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறார். நாள் முழுக்க மிஷின் ஓடும் சத்தம். நானும் மாமா பெண் அக்காவும் ஒரே அறை. அக்கா கணக்குப் பாடத்தைச் சத்தம் போட்டுத்தான் படிப்பாள். வரவு, செலவு, வரவு, செலவு என்று தூக்கத்தில்கூடச் சொல்கிறாள்.

கூடத்தில் என்னைப் பெற்ற அந்த அம்மாவின் படம் இருக்கிறது. பெரிய படம். நான் சோற்றுக்கு உட்கார்ந்தால் நேர் எதிரே. வருகிறவர்கள் எல்லாரும் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "அதே மூக்கு" என்கிறார்கள். எனக்கு ஒன்றும் நினைவில்லையே அம்மா. யாரோ ஒருவர் மூக்கைத் திருடிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். அங்கே யாரும் வரமாட்டார்கள். படித்துக்கொண்டிருக்கும்போது வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. அப்பா இப்போது உள்ளே வந்து, "நாள் முடிஞ்சா புத்தகம் தானா திரும்பிப் போயிடும். நம்ம வீட்டுல சொன்ன தேதிக்குக் கிளம்புற ஒரே விருந்தாளி இதுதான்" என்று சொல்வார் என்று தோன்றும்.

நீயும் படியேன். அப்பாவின் போனிலும் அதே நூலக அட்டைதானே. நான் எடுக்கும் புத்தகம் அதிலும் திறக்கும். படித்தால் நாம் பேசிக்கொள்ளலாம்.

நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பிஸ்கட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

உன்,
வாண்டு


ஜூலை 7

அன்புள்ள வாண்டுக்கு,

நன்றாக இருக்கிறேன். போதுமா?

உன் பேச்சைக் கேட்டுப் படிக்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு இடைவேளையில்தான். பல்செட் செய்கிற எங்கள் கூடத்தில் எல்லார் கையிலும் அச்சு எடுக்கும் மாவு காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கும். நான் மட்டும் தேய்த்துக் கழுவிவிட்டு, மூலையில் உட்கார்ந்து போனைத் திறப்பேன். "யாருக்குக்கா அவ்வளவு நேரமா பதில் எழுதறீங்க?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். கதை படிக்கிறேன் என்றேன். நம்பவில்லை.

ஒரு தொல்லை. நான் எந்தப் பக்கத்தில் விட்டேனோ அந்தப் பக்கத்தில் திறப்பதில்லை. நீ நிறுத்திய இடத்தில் போய்த் திறக்கிறது. முதல் அத்தியாயத்தில் இருந்தவள், மறுநாள் திறந்தால் கப்பல் நடுக்கடலில் நிற்கிறது, யாரோ ஒரு பையன் செத்துப் போயிருக்கிறான். யார், எப்போது என்று ஒன்றும் புரியவில்லை. பின்னால் தள்ளித் தள்ளிப் போய் என் இடத்தைப் பிடித்தேன். அன்றைக்கு நீ திறந்தபோது உன்னை என் இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்திருக்குமே, திட்டினாயா?

பிறகு அதிலேயே ஒரு ருசி வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் முதல் வேலை, நீ எந்தப் பக்கம்வரை போயிருக்கிறாய் என்று பார்ப்பது. நேற்று ஒரே மூச்சில் ஓடியிருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்தினம் ஒரு பக்கம்கூட நகரவில்லை. உடம்புக்கு ஏதாவதா? என்னவென்று எழுது.

கதை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கப்பலில் துணியை யார் துவைக்கிறார்கள் என்று இதுவரை ஒருவரும் எழுதவில்லை. அத்தனை பிள்ளைகள், ஒரு பெரியவர் கிடையாது, எல்லாரும் பளிச்சென்று நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்புறம் அந்தத் தலைவிப் பெண்ணின் சித்தி. அவளை ஏன் அப்படிப் படைத்திருக்கிறார்கள்? சித்தி என்றால் கதவைப் பூட்டத்தான் வருவாளா? நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் நீதான் என்னை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினாய். அப்பா ஜன்னல் வழியாக உன்னிடம் கெஞ்சிக்கொண்டு நின்றார். லிஃப்டில் மாட்டியவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் பிழைப்பு, சொந்த வீட்டுக் கதவைத் திறக்க அவருக்கு ஒரு மணி நேரம் ஆனது. யாரையாவது இதை எழுதச் சொல்.

பால் கொடுத்தால் குடி. பிடிக்காது என்று முதல் மாதத்திலேயே சொல்ல வேண்டாம்.

உன்,
அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

திட்டினேன். நன்றாகத் திட்டினேன். பிறகு, நீ அந்தப் பக்கத்தில் இருந்திருக்கிறாய் என்று நினைத்து நானும் அந்த இடத்திலிருந்தே மறுபடி படித்தேன்.

கதவைப் பூட்டியது எனக்கு நினைவிருக்கிறது. ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு நீ எனக்கு ஒரு சிவப்பு ஹேர்க்ளிப் கொடுத்தாய். அதனால்தான் திறந்தேன். அப்பா கெஞ்சியதற்காக இல்லை.

அம்மா, ஒன்று கேட்கட்டுமா? நான் அங்கேயே வந்துவிடட்டுமா?

இவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இங்கே நான் எந்த நேரமும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டியிருக்கிறது. அங்கே மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை. தட்டை வைத்த இடத்தில் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. போன வாரம் அத்தை, "உனக்கு என்ன வேணும்னாலும் கேளு" என்றார். என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. சிரித்தேன்.

பழைய பள்ளியில் இன்னும் என் பெயர் இருக்கும், கேட்டுப் பார். நானே மாமாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ வந்து கேட்டால் விடுவார். கட்டாயம் விடுவார். நீதான் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. வரும்போது எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். நீ வந்தால் போதும்.

உன்,
வாண்டு


ஆகஸ்ட் 20

அன்புள்ள வாண்டுக்கு,

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்தில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. வழியில் மழை.

மாமா வீட்டில் என்னை நன்றாகக் கவனித்தார்கள். அத்தை டீயை இரண்டு தரம் சூடுபண்ணிக் கொடுத்தார், நான்தான் குடிக்காமல் ஆறவிட்டேன். அங்கே சரியாகப் பேச வரவில்லை. பேருந்தில் வரும்போதுதான் எல்லாம் வரிசையாக வந்தது. அதுதான் என் ராசி.

மாமா கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் நாலு வார்த்தை வந்திருக்கும். அவர் அமைதியாகக் கேட்டார். "நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா உங்க பக்கம் யாரு வந்து நிப்பாங்க? நீங்க வேலைக்குப் போனா வீட்டுல யாரு இருப்பா?" நான் இருப்பேன் என்றேன். "நீங்க ஒருத்தரா?" என்றார். ஆமாம் என்றேன்.

அப்புறம் அவர் உன்னைக் கூப்பிட்டார். அது சரிதான், உன்னைத்தானே கேட்க வேண்டும். நீ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "யாருக்காகவும் பாக்காத. உனக்கு எங்க இருக்கணும்னு தோணுதோ அதைச் சொல்லு" என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "இங்கயே இருக்கேன் மாமா" என்றாய்.

அதை நினைத்து நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். அத்தனை பேர் முன்னால், அந்தப் படத்துக்குக் கீழே நிற்க வைத்துக் கேட்டால் யாருக்கு வாய் வரும்? எனக்கே வரவில்லை, என் வயதுக்கு. நீ கடிதத்தில் எழுதியது எனக்கும் உனக்கும் தெரியும். அதை நான் அங்கே எடுத்துச் சொல்லவில்லை. இனியும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

வாசல்வரை வந்தாய். "பத்திரமா போ" என்றாய். கொஞ்சம் இளைத்திருக்கிறாய், ஆனால் உயரமாகிவிட்டாய். முடியைக் குட்டையாக வெட்டியது உனக்கு நன்றாக இருக்கிறது. அதையும் அங்கே சொல்ல மறந்துவிட்டேன்.

அடுத்து வரிசையில் இருந்த புத்தகம் வந்திருக்கிறது. நீச்சல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட பெண்ணின் கதை. எடுத்து வைத்திருக்கிறேன்.

உன்,
அம்மா


செப்டம்பர் 30

அன்புள்ள சித்திக்கு,

நலம். நலமறிய ஆவல். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். எனக்கு விஷக்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். இப்போது சரியாகிவிட்டது. அத்தை தையல் வகுப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் கண் விழித்தபோது மாமா கூடத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார். சத்தம் இல்லாமல். "இவளையும் கொண்டு போயிடாத அக்கா" என்றார். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

சித்தி என்று எழுதியிருப்பதைப் பார்த்து வருத்தப்படாதீர்கள். உங்களுக்கு எழுதிக்கொண்டிருந்த தாளை அக்கா பார்த்துவிட்டு மாமாவிடம் சொல்லிவிட்டாள். மாமா திட்டவில்லை. "அவங்களை மரியாதையா நடத்து, வேண்டாம்னு சொல்லல. ஆனா உன்னைப் பெத்தவ இந்த வீட்டுல பொறந்து வளந்தவ. அவ இருக்கற வீட்டுல உக்காந்து இன்னொருத்தரை அம்மான்னு எழுதாதம்மா. எனக்குத் தாங்கல" என்றார். அவர் கெஞ்சுகிற மாதிரி கேட்டதால் என்னால் மறுக்க முடியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

அன்று கூடத்தில் நான் சொன்னதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். என்ன எழுதினாலும் சரியாக வரவில்லை.

இன்னொரு விஷயம். சிலேட்டில் புத்தகம் திறக்க மாட்டேன் என்கிறது. 'அட்டையின் காலம் முடிந்துவிட்டது, நூலகத்தை அணுகவும்' என்று வருகிறது. நீச்சல் பெண் கதை பாதியில் நிற்கிறது. முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
வாண்டு


அக்டோபர் 16

அன்புள்ள வாண்டுக்கு,

விஷக்காய்ச்சல் என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் வந்திருக்க மாட்டேனா? சரி, அத்தை இருந்தாரே. அவருக்கு என் நன்றியைச் சொல். சும்மா சொல்லாதே, கையைப் பிடித்துச் சொல்.

'நீங்கள், உங்கள்' என்று எழுதியிருந்தாய். எனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொன்னேன். மாமா சொன்னதில் தப்பில்லை. கூடப் பிறந்தவளைப் பறிகொடுத்தவர். உனக்கு எப்படி வசதியோ அப்படி எழுது. எழுதினால் சரி.

நூலகத்துக்குப் போனேன். அரை நாள் விடுப்பு கேட்டுவிட்டுத்தான் போனேன். அப்பா பழுதுபார்த்த அந்த லிஃப்ட் இன்னும் குலுக்காமல் போகிறது. மூன்றாம் மாடியில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அட்டையைக் கொடுத்தேன். பெயரைப் பார்த்ததும், "அட, நம்ம லிஃப்ட்காரர்" என்றார். "லிஃப்ட் நின்னுபோச்சுன்னு வந்தவரு, வேலை முடிஞ்சதும் பிள்ளைங்க புத்தகம் எங்க இருக்குன்னு கேட்டாரு. எம் பொண்ணு ராப்பகலா படிப்பான்னு பெருமை தாங்கல. நான்தான் அட்டை போட்டுக் கொடுத்தேன். அவரையே வரச் சொல்லுங்க, ஒரு கையெழுத்துதான், புதுப்பிச்சுடலாம்."

அவர் வர மாட்டார் என்று சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, அட்டையை ரத்து செய்துதான் ஆக வேண்டும் என்றார். அவர் மேல் குற்றமில்லை, அது அவர் வேலை. வரிசையில் நீ போட்டு வைத்திருந்த புத்தகங்களும் அதோடு போய்விட்டன.

"பொண்ணு பேர்லயே போட்டுடலாம். பதினெட்டு வயசு ஆகாததால பெரியவங்க ஒருத்தர் கையெழுத்து வேணும். நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்றார்.

"என் பொண்ணு" என்றேன். வழக்கமாக வாயில் வருவது அதுதானே.

"அப்ப வேலை சுலபம். அவ பள்ளிக்கூட அட்டையில ஒரு நகல் கொண்டுவாங்க. பெற்றோர்னு உங்க பேரு இருந்தா போதும்."

உன் புதுப் பள்ளியின் அட்டையில் யார் பெயர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு லிஃப்ட்வரை போனேன். கீழே இறங்க மனசு வரவில்லை. திரும்பி வந்து, "எனக்கு ஒண்ணு போடுங்க" என்றேன். போட்டார். எந்தப் பிரிவில் அதிகம் படிப்பேன் என்று கேட்டார். இளையோர் பிரிவு என்றேன். "யாருக்கு?" என்றார். எனக்குத்தான் என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார், நல்ல மனுஷி.

அட்டை எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். சிலேட்டில் அப்பாவின் எண்ணை எடுத்துவிட்டு இதைப் போடு, எல்லாம் முன்பு மாதிரியே வரும். நீச்சல் பெண்ணை எடுத்து வைத்துவிட்டேன். மற்றவற்றையும் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக வரிசையில் போட்டேன். ரொம்பப் பின்னால் நிற்கிறோம், ஆனால் வரும். அந்தக் கதையை நான் இன்னும் தொடவில்லை. நீ விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்ததும் நானும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.

உன் கடிதத்தை எதிர்பார்க்கும்,
நான்


நவம்பர் 22

அன்புள்ள சித்திக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத நினைத்தேன். அரையாண்டுப் பரீட்சை வந்துவிட்டது. கணக்கில் அக்கா அவள் வகுப்பில் வாங்கியதைவிட எனக்கு அதிக மதிப்பெண். அவள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு அவளே வந்து என் தலையில் குட்டிவிட்டுச் சிரித்துவிட்டாள்.

எனக்காக விடுப்பெல்லாம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இங்கே எனக்கு ஒரு அட்டை கிடைத்துவிட்டது. சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அத்தை காரணம் கேட்டார். சொன்னேன். அடுத்த நாளே இந்த ஊர் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே இருந்தவர், "உங்க பொண்ணா?" என்று கேட்டார். "ஆமா, சின்னவ" என்று அத்தை டக்கென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ஆனால் நன்றாகவும் இருந்தது. உங்களிடம் பொய் சொல்லப் பிடிக்கவில்லை.

சிலேட்டில் ஒரு நேரத்தில் ஒரு அட்டைதான் போட முடியும். இந்த ஊர் அட்டையைப் போட்டிருக்கிறேன். இங்கே இளையோர் பிரிவு பெரிது, காத்திருக்க வேண்டியதே இல்லை. பள்ளியில் நாங்கள் ஐந்து பேர் ஒரே புத்தகத்தை எடுத்துப் படித்துவிட்டு மதியம் சண்டை போடுகிறோம். நீச்சல் பெண் கதையை இங்கேயே எடுத்து முடித்துவிட்டேன். முடிவு சொல்ல மாட்டேன், நீங்கள் படியுங்கள். உங்கள் அட்டையில் இனி உங்களுக்குப் பிடித்ததை எடுத்துப் படியுங்கள் சித்தி. எனக்காகக் கப்பலும் நீச்சலும் படிக்க வேண்டாம்.

விடுமுறைக்கு எங்கேயோ போகலாம் என்று மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். போய் வந்ததும் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
வாண்டு


டிசம்பர் 5

அன்புள்ள வாண்டுக்கு,

கணக்கில் அக்காவை முந்தியதற்கு மகிழ்ச்சி. அவளிடம் ரொம்ப அலட்டிக்கொள்ளாதே, ஒரே அறையில் படுக்க வேண்டியவள்.

அத்தை அட்டை போட்டுக் கொடுத்தது ரொம்ப நல்லது. பக்கத்தில் இருக்கிறவர்கள் செய்வதுதான் சரியாக வரும். நூலகத்தில் அவர் சொன்னதை எழுதியிருந்தாய். அப்படி யோசிக்காமல் சொல்கிற ஒருவர் வீட்டில் நீ இருக்கிறாய் என்று தெரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நானும் பொய் சொல்லவில்லை. நிம்மதி முதலில் வரவில்லை, அடுத்த நாள் வந்தது.

நான் வீடு மாறுகிறேன். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அறை, ஒரு சமையலறை. எனக்கு அது போதும், பெருக்கவும் சுலபம். உன் புத்தகங்களையும் துணிகளையும் அப்பாவின் கருவிப் பெட்டியையும் கட்டி வைத்திருக்கிறேன். மாமா டயர் ஏற்றி வரும் வண்டி இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொள்ளச் சொல். அவசரமில்லை. அப்பாவின் சட்டை ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.

நீ படிக்கிற பிள்ளை. கடிதம் எழுத வேண்டுமே என்று ஒரு பாரமாக வைத்துக்கொள்ளாதே. தோன்றும்போது எழுது. தோன்றாவிட்டால் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன்.

இதோடு இன்னொரு தாளை மடித்து வைத்திருக்கிறேன். அது அத்தைக்கு. குளிர் ஆரம்பித்துவிட்டது, உனக்கு இடது காது அடைக்கும். அடைத்தால் நீ சொல்ல மாட்டாய், கூப்பிட்டால் திரும்ப மாட்டாய், திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள். காய்ச்சல் மருந்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் வருவது உனக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். மனசு சரியில்லை என்றால் சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வாய். அந்த நேரத்தில் கேள்வி கேட்கக் கூடாது, தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும், பத்து நிமிடத்தில் நீயே சாப்பிட்டுவிடுவாய். இப்படி எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. இனி அவருக்குத்தான் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

நீ அதைப் பிரித்துப் படிக்காதே, உனக்கு வெட்கமாக இருக்கும். அப்படியே கொண்டுபோய் அவர் கையில் கொடு.

அன்புடன்,
சித்தி